முதலில் கற்போம், பின்னர்த் தொண்டு செய்வோம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளை நிறைவு செய்யும் நமது கழகத்தின் விழாவில் நமக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள், "குடும்பத்தோடு அயல்நாடு சென்று ஸ்பானிய மொழி கற்றலும் தொண்டாற்றலும்" என்பதாகும். இதைக் கேட்டுச் சிலர் புருவம் உயர்த்தியிருக்கலாம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகள் இன்னும் நம் தெருக்களில் இருக்க, ஸ்பானிய மொழிக்கு இப்போது என்ன அவசரம் என்று எண்ணியிருக்கலாம்.

அந்த எண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், நம் மாலை வகுப்புகளில் படித்த பிள்ளைகளுள் சிலர் இன்று பொறியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்றுகின்றனர். கணவனும் மனைவியும் சம்பாதிக்கின்றனர். "கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு வெளிநாடு செல்ல விரும்புகிறோம், சுற்றிப் பார்ப்பதோடு நில்லாமல் ஒரு மொழி கற்கவும் தொண்டு செய்யவும் வழியுண்டா?" என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வி நம்மை மகிழ்விக்கிறது. உலகத்தைக் காணும் உரிமை நம் பிள்ளைகளுக்கும் உண்டு. எவ்வாறு செல்ல வேண்டும் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். கற்பதற்காகவே செல்ல வேண்டும். தொண்டு அதற்குப் பின்னர், நாம் கற்ற அளவுக்குள்ளேயே அமைய வேண்டும்.

ஸ்பானியம் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஏறத்தாழ 50 கோடி மக்கள் அதைத் தாய்மொழியாகப் பேசுகின்றனர். ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் அதுவும் ஒன்று. அமெரிக்காவில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் அம்மொழியைப் பேசுகின்றனர்.

அது தமிழ் நாவுக்கு எளிதாகவும் வரும். ஆங்கிலம் பேசுவோர் க, த, ப ஒலிகளைச் சொல்லின் முதலில் மூச்சுக்காற்றோடு ஒலிப்பதால், ஸ்பானியம் கற்கையில் இடர்ப்படுகின்றனர். நாமோ அவ்வொலிகளைப் பிறந்ததிலிருந்து மூச்சின்றியே ஒலிக்கிறோம். ஞகரமும் அவர்களிடம் உண்டு. நாம் 'பேசுகிறேன்' என்றால் 'நான்' என்று தனியே கூற வேண்டுவதில்லை. வினையின் ஈறே இடத்தைக் காட்டிவிடுகிறது. ஸ்பானியத்திலும் 'ஆப்லோ' என்றாலே 'நான் பேசுகிறேன்' என்பது விளங்கும். இடர்ப்பாடு வேறிடத்தில் உண்டு. நாம் உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால், பெண்பால் கூறுகிறோம். அவர்களோ மேசையைப் பெண்பால் என்றும் புத்தகத்தை ஆண்பால் என்றும் கொள்கின்றனர். இதைச் சொல்தோறும் மனத்தில் இருத்தத்தான் வேண்டும்.

எங்கே சென்று கற்பது? ஸ்பெயினும் உண்டு, மெக்சிகோவும் உண்டு. குடும்பத்தோடு செல்வோர் பலரும் நாடுவது நடு அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவை. அங்கே அந்திகுவா, கெட்சால்தெனாங்கோ ஆகிய ஊர்களில் மொழிப் பள்ளிகள் பல உள்ளன. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் நாள்தோறும் நான்கு அல்லது ஐந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள் கற்பிக்கின்றனர். தங்குவது அவ்வூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். மூன்று வேளையும் அவர்கள் உண்ணும் மக்காச்சோள அடையும் கருப்பு அவரையும் நமக்கும் உணவு. காலையில் கற்ற சொல்லை மாலையில் அடுக்களையில் பேசிப் பழகலாம். அவ்வகையில் அந்த வீட்டுத் தாயும் ஓர் ஆசிரியரே.

அந்நாட்டின் வரலாற்றை அறியாமல் அங்கே காலடி வைத்தலாகாது. 2018ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அங்கே நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மாயப் பழங்குடி மக்கள். அவர்களுக்கு 22 மொழிகள் உண்டு. ஸ்பானியம் அவர்கள்மீது ஆட்சியாளர் சுமத்திய மொழி. 1960 முதல் 1996 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமற்போயோ மறைந்தனர் என்று உண்மை அறியும் ஆணையம் 1999இல் கணித்தது. அடையாளம் காணப்பட்டவர்களுள் நூற்றுக்கு 83 பேர் மாய மக்கள். 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகொபெர்த்தா மென்சூ, கிச்சே மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாயப் பெண்மணி. தம் மக்களின் துயரை உலகறியச் செய்ய அவர் கைக்கொண்டது ஸ்பானிய மொழியையே.

இளைஞர்களே, இங்கே ஒன்றை நன்கு மனங்கொள்ளுங்கள். குவாத்தமாலா ஸ்பானியத்தில் 'உஸ்தெத்' என்றால் 'நீங்கள்'. 'வோஸ்' என்றால் 'நீ'. நண்பர்கள் தமக்குள் 'வோஸ்' என்பது உரிமை. ஆனால், முதியவராயினும் மாய மக்களாயின் அவர்களை 'வோஸ்' என்று ஒருமையில் விளிப்பதும், தமக்கு மட்டும் 'உஸ்தெத்' என்ற மரியாதையை எதிர்பார்ப்பதும் பழங்குடியல்லாதார் பலரிடம் நெடுங்கால வழக்கமாக இருந்தது. இதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. நரைத்த தலையினரான நம் பாட்டன்மாரை வயதிற் சிறியோர் 'வாடா, போடா' என்று அழைத்ததை இவ்வரங்கில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறீர்கள். ஆகவே, அங்கு செல்லும் நம் பிள்ளைகள் முதலிற் கற்க வேண்டிய சொல் 'உஸ்தெத்'. காய் விற்கும் அம்மையாரிடமும் அது. சுமை தூக்கும் முதியவரிடமும் அது.

இனி, தொண்டுக்கு வருவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலம் பேசுவோர் ஸ்பானியத்தில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 600 முதல் 750 வகுப்பு மணி வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையம் கணித்திருந்தது. நம் குடும்பம் ஐந்து வாரம் தங்கி, வாரம் 20 மணி கற்றால் 100 மணி. புறப்படும் முன்னர் ஆறு மாதம் வீட்டில் நாள்தோறும் அரைமணி படித்தால் இன்னுமொரு 90 மணி. ஆக 190 மணி. 600இல் மூன்றிலொரு பங்கும் ஆகாது. இவ்வளவு கற்றவர் கடையில் பொருள் வாங்கலாம், நலம் விசாரிக்கலாம், வழி கேட்கலாம். வகுப்பெடுக்க இயலாது. நோயாளியின் குறையைக் கேட்டறிய இயலாது. அழும் குழந்தை ஏன் அழுகிறது என்பதும் விளங்காது.

மொழியின் வலிமையை வரலாறும் காட்டுகிறது. 1961இல் கியூபாவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மாணவர்கள் நாட்டுப்புறங்களுக்குச் சென்று உழவர் வீடுகளில் தங்கினர். பகலில் உழைத்து, இரவில் விளக்கொளியில் எழுத்துக் கற்பித்தனர். 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறிவு பெற்றனர். 1980இல் நிகராகுவாவிலும் ஐந்து மாத இயக்கம் நடந்தது. ஸ்பானியம் பேசிய பகுதிகளில் அது பெருவெற்றி கண்டது. ஆனால் அந்நாட்டின் கீழைக் கடற்கரையில் வாழ்ந்த மிஸ்கித்தோ முதலிய மக்களுக்கு ஸ்பானியப் பாடநூல் பொருந்தவில்லை. பின்னர் அவரவர் மொழியிலேயே தனி இயக்கம் நடத்த வேண்டியதாயிற்று. சென்றவர்களிடம் உள்ளம் இருந்தது, உழைப்பும் இருந்தது. மக்களின் மொழி இல்லாத இடத்தில் அவ்விரண்டும் போதவில்லை.

அப்படியானால் நம் குடும்பம் செய்யக்கூடிய தொண்டு எது? முதல் தொண்டு, நாம் செலுத்தும் கட்டணம். அது முறையாகச் சேர வேண்டியவரைச் சேர்ந்தால் அதுவே பெரிது. அந்திகுவாவில் பிரான்சிஸ்கோ மர்ரோகின் பெயரால் 1969 முதல் இயங்கும் மொழித் திட்டத்தை இதற்குச் சான்றாகக் கூறலாம். வெளிநாட்டார்க்கு ஸ்பானியம் கற்பித்து ஈட்டிய பொருளைக் கொண்டு அது மாய மொழிகளை வளர்த்தது. மாய மக்களையே மொழியியலில் பயிற்றுவித்தது. அங்கே கற்றுச் சென்ற மாணவர், தாம் ஒரு செங்கல்லும் சுமக்காமலே, ஒரு மக்களின் மொழி தழைக்கத் துணைநின்றார். ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன்னர், கட்டணத்தில் ஆசிரியர்க்குக் கிடைப்பது எவ்வளவு, வீட்டுத் தாய்க்குக் கிடைப்பது எவ்வளவு என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை. தயங்காமல் விடையளிக்கும் பள்ளியே நல்ல பள்ளி.

இரண்டாவது தொண்டு, உள்ளூர் மக்கள் நடத்தும் பணியில் கையாளாக நிற்பது. மலைநாட்டு வீடுகளில் திறந்த அடுப்பின் புகையால் தாய்மாரும் குழந்தைகளும் இருமித் துன்புறுகின்றனர். புகைபோக்கி வைத்த அடுப்புக் கட்டும் பணிகளில் மொழிப் பள்ளி மாணவர்களும் உதவுவதுண்டு. கட்டுபவர் உள்ளூர்க் கொத்தனார். நாம் செங்கல் எடுத்துக் கொடுக்கலாம், மண் குழைக்கலாம். மரக்கன்று நடலாம், நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடலாம். செங்கல் சுமக்க இலக்கணம் வேண்டுவதில்லை. ஆனால் கூலிக்கு வரும் ஒருவரின் பிழைப்பை நம் இலவச உழைப்பு பறிக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. குழந்தைகள் இல்லங்களுக்குச் சென்று சில நாள் கொஞ்சி விளையாடிவிட்டு வருவதைத் தொண்டு என்று எண்ணாதீர்கள். உலகின் பல நாடுகளில் இத்தகைய இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் பெரும்பாலார்க்குத் தாயோ தந்தையோ உயிரோடிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வறுமையே அவர்களைப் பிரித்தது. பார்வையாளர் தரும் பணத்துக்காகவே இல்லங்கள் பெருகிய இடங்களும் உண்டு. குவாத்தமாலாவிலிருந்து 2007ஆம் ஆண்டில் மட்டும் 4,000க்கு மேற்பட்ட குழந்தைகள் தத்துப் பிள்ளைகளாக அமெரிக்கா சென்றனர். அதில் மலிந்த முறைகேடுகளால் அவ்வாண்டின் இறுதியில் சட்டமே மாற்றப்பட்டது. அந்த மண்ணில் அயலார் ஒருவர் குழந்தையைத் தூக்கிப் படமெடுத்தால், தாய்மார் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

இது நமக்குத் தெரியாத செய்தியன்று. நம் தெருவுக்கும் காரில் பலர் வந்தனர். நோட்டுப் புத்தகம் தந்தனர். நம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தனர். நோட்டுப் புத்தகம் பயன்பட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் அப்பிள்ளைகளின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் வந்து, நம்மோடு தரையில் அமர்ந்து, நம்மிடம் கேட்டறிந்து கற்பித்த சிலரையே நாம் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். இந்த வேற்றுமையை அறிந்தவர்கள் நாம். தொண்டு பெற்ற கையே தொண்டு செய்யவும் செல்லும்போது, அது எப்படி நீள வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நடைமுறைச் செய்திகள் சில. கோடை விடுமுறையான மே மாதத்தில் அங்கே மழைக்காலம் தொடங்கும். கெட்சால்தெனாங்கோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை போலக் குளிரும். ஆகவே கம்பளி ஆடை வேண்டும். பள்ளிகளில் உதவ எண்ணுவோர்க்கு ஒரு குறிப்பு: அங்கே பள்ளியாண்டு சனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. நவம்பரில் சென்றால் வகுப்பறை பூட்டியிருக்கும்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டு பொதுவாக ஐந்தாண்டுக்கே செல்லும், நாளைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்கு மட்டுமே ஆயினும் அந்நாட்டு விசா வேண்டும். ஆகவே விசா விதிகளைத் தூதரகங்களில் கேட்டறிந்த பின்னரே பயணச்சீட்டு வாங்குங்கள். அரசு ஊழியராயின் துறையின் முன் அனுமதி பெறுதல் கட்டாயம். கொலம்பியா, பெரு போன்ற நாடுகளுக்கும் சென்று திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாவிடில் இந்திய விமான நிலையத்தில் தடுக்கப்படுவர். ஊசி போட்டுப் பத்து நாள் சென்ற பின்னரே சான்று செல்லுபடியாகும்.

முதல் மூன்று வாரம் படிப்பு மட்டும். அடுத்த இரண்டு வாரம் காலையில் படிப்பு, மாலையில் தொண்டு. பிள்ளைகளுக்கு நீண்ட நேரப் பாடம் வேண்டா. இரண்டு மணி போதும். மற்றதை அந்த வீட்டுப் பிள்ளைகளே விளையாட்டில் கற்பித்துவிடுவார்கள். கடன் வாங்கிச் செல்ல வேண்டா. இவ்வாண்டு இயலாவிடில் மொழியை இங்கிருந்தே தொடங்குங்கள். மொழி கற்க விமானம் ஏற வேண்டுவதில்லை.

புறப்படும் முன்னர்க் குடும்பமாக அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நம்மை அங்கே அழைத்தவர் யார்? நாம் செய்யப்போகும் பணியை நாம் வராவிடினும் அவர்கள் நடத்துவார்களா? நாம் திரும்பிய பின்னர் அவர்களுக்கு எழுத நம்மிடம் போதிய மொழி இருக்குமா? முதல் கேள்விக்கு ஒரு பெயரும், மற்ற இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடையும் கிடைத்தால் தயங்காமல் செல்லுங்கள்.

கற்பி என்பது அண்ணல் அம்பேத்கர் நமக்கு இட்ட முதற்கட்டளை. கற்பிக்க விரும்புவோன் முதலில் கற்க வேண்டும் என்பதும் அக்கட்டளையுள் அடங்கியதே. நம் பிள்ளைகள் உலகின் எம்மூலைக்கும் செல்லட்டும். சென்ற வீட்டில் மாணவராய் அமரட்டும். எழுந்து வரும்போது உறவினராய் வரட்டும். கழகம் பொன்விழாக் காண்க!