விடுதி வாசலும் வீட்டு வாசலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையையும் நாடகத்தையும் எதிர்பார்த்தே எல்லாரும் வருகிறோம். இடையில் வரும் சொற்பொழிவு, விருந்தின் நடுவே வைக்கும் வேப்பம்பூப் பச்சடியைப் போன்றது. சிறிது கசந்தாலும் பொறுத்தருள வேண்டுகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் படிக்க வந்து, பல்கலைக்கழக விடுதிகளில் முதலாண்டைக் கழிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியது.

விடுதியில் தங்கிப் படிப்பது நம்மவர்க்குப் புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில், சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே ஒரு கல்விச்சாலையும், மாணவர் உண்டு உறைவதற்கு ஒரு விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்துவந்த செய்தியை அது கூறுகிறது. உணவு, படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய் ஆகியவற்றோடு, சனிக்கிழமைகளில் மாணவர் தலைமுழுகுவதற்கு எண்ணெயும் அளந்து வைத்தார்கள். தாயை விட்டு வந்த பிள்ளைக்குச் சனிக்கிழமை எண்ணெய் யார் வைப்பார் என்று எண்ணிப் பார்த்து, அதையும் கல்லில் வெட்டி வைத்த உள்ளத்தை என்னென்பது!

ஆனால் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அந்தக் கல்விச்சாலை அன்று எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. வேதம் ஓதும் உரிமை பெற்றிருந்தவர்க்கே அது இடமளித்தது. இன்றைய பல்கலைக்கழக விடுதியின் பெருமையோ, குலமும் மொழியும் பாராமல் ஓர் அறையில் இருவரை இருத்துவதில் இருக்கிறது. பழைய விடுதியின் எண்ணெயும் வேண்டும். புதிய விடுதியின் திறந்த கதவும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்ப்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே எங்கள் கருத்து.

தில்லிப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 1933இல் பழைய வைசிராய் மாளிகை அதன் இருப்பிடமாயிற்று. 1938 முதல் 1950 வரை துணைவேந்தராக இருந்த சர் மாரிஸ் குவையர் 1948இல் பெண்களுக்கென மிராண்டா ஹவுஸ் கல்லூரியைத் தொடங்கினார். அவர் பெயரால் ஒரு மாணவர் விடுதியும் விளங்குகிறது. 1949இல் அப்பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்குத் தலைமையேற்று வந்த பேராசிரியர் டி. ஆர். சேஷாத்திரி நம் குளித்தலையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இராமகிருஷ்ண மிஷனின் பொருளுதவியோடு பயின்றவர். பிறர் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டு படித்த ஒருவர், பின்னாளில் எத்தனையோ மாணவர்க்கு ஆசானானார்.

1969இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலோ, விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர்கள். பீகாரிலிருந்து வந்த இளைஞன் காவேரியில் உறங்குகிறான். தஞ்சாவூர்ப் பெண் கங்கையில் கண் விழிக்கிறாள். தில்லி ஐ.ஐ.டி.யில் மலைகளின் பெயர்கள். அவற்றுள் நம் நீலகிரியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.க்குச் சென்றால் அங்கே யமுனை என்னும் பெயரில் ஒரு விடுதி! நாட்டை ஒன்றாக்குவதைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். அந்த வேலை விடுதிகளில் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது.

ஆயினும் அந்த ஒருமைப்பாட்டின் முதல் மூன்று மாதங்கள் எளியவையல்ல. இரண்டு இரவும் ஒரு பகலும் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் கழித்து, தகரப் பெட்டிக்குப் பதிலாக இன்று சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நிலவுவதால், அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை இந்தி அறியாமல் வருவது இயல்பு. அது அவன் பிழையன்று. வகுப்பிலோ ஆங்கிலம் அருவியாய்க் கொட்டுகிறது. விடுதியின் உணவுக்கூடத்தில், அதாவது மெஸ்ஸில், ராஜ்மாவும் ரொட்டியும் காத்திருக்கின்றன. குளிர்காலம் வந்தால் அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே உறைந்து கல்லாகிவிடுகிறது. புட்டியை வெயிலில் வைக்க வேண்டும் என்பதைக்கூட எவரேனும் சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

மூத்த மாணவரின் கொடுமையைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் இயற்றியது. 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் நெறிமுறைகளை வகுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலாண்டு மாணவரை இயன்றவரை தனிப் பகுதியில் தங்கவைக்க வேண்டும். துன்புற்றால் 1800-180-5522 என்னும் எண்ணை அழைக்கலாம். இவற்றையெல்லாம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெண் பிள்ளைகளுக்கோ வாயிற்கதவு அடைக்கும் நேரம் ஒரு சுமை. ஆண்களின் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாடு நமக்கேன் என்று கேட்டுத் தில்லி மாணவியர் 2015இல் ஓர் இயக்கமே நடத்தினர். அக்கேள்வியில் நியாயம் இல்லை என்று எவரால் கூற முடியும்?

ஆனால் சட்டமும் விதியும் தீர்க்க இயலாத துன்பம் ஒன்று உண்டு. அதன் பெயர் தனிமை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டு மாதத்தில், ஓர் இளைஞன் தமிழ்ச் செய்தித்தாள் படிக்க நம் சங்கத்து நூலகத்திற்கு வந்தான். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. நாங்கள் அவனிடம் ஊரைக் கேட்டோம். தந்தையின் தொழிலைக் கேட்டோம். மதிப்பெண்ணைக் கேட்டு வியந்தோம். "ஒரு நாள் வீட்டுக்கு வா, தம்பி" என்றோம். "சரிங்க ஐயா" என்றான். எந்த நாள் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு இருமுறை நூலகத்தில் கண்டோம். அப்போதும் அதே அழைப்பு. அதே "சரிங்க ஐயா".

தீபாவளி வந்தது. பல ஆண்டுகளில் நம் தீபாவளி முந்திய நாள் விடியலில் வந்துவிடுகிறது. தில்லிக்கோ அது மறுநாள் மாலையின் விளக்கு விழா. வட மாநிலப் பிள்ளைகள் ஓர் இரவுப் பயணத்தில் வீடு சேர்ந்துவிட்டார்கள். ஒரு வார விடுமுறையில் நாலு இரவுகளை இரயிலிலேயே கழிக்க மனமில்லாத நம் பிள்ளை, அறையிலேயே தங்கினான். அன்று விடியலில் எங்கள் வீட்டில் எண்ணெய் காய்ந்தது. அதிரசமும் முறுக்கும் தட்டுகளில் நிறைந்தன. பன்னிரண்டு வீடுகளுக்குப் பலகாரம் சென்றது. நாலு கிலோமீட்டர் தொலைவில் இருந்த அந்த அறைக்கு மட்டும் செல்லவில்லை. அவன் நினைவு எங்களுக்கு வரவே இல்லை என்பதே உண்மை.

டிசம்பரில் விசாரித்தபோது, படிப்பை விட்டு ஊர் திரும்பிவிட்டான் என்று தெரிந்தது. தொலைபேசியில் அவன் தந்தை யாரையும் குறை கூறவில்லை. "தீபாவளி அன்னிக்குக் கூட ரூமுலயே தான் இருந்தானாம், ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் இன்றும் எங்கள் செவியில் ஒலிக்கிறது. ஒரு வேளைச் சோறு அவனைப் படிப்பில் நிறுத்தியிருக்கும் என்று நாங்கள் துணிந்து கூறமாட்டோம். அவன் சுமைகள் பலவாக இருந்திருக்கலாம். ஆனால் அவற்றை இறக்கி வைக்க ஒரு திண்ணையை நாங்கள் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

பெரியோர்களே! நம்முள் பலர் இந்நகருக்கு எப்படி வந்தோம்? கரோல்பாக்கில் ஒரு பர்சாத்தியில் நால்வராய் நெருக்கிக்கொண்டு, மெஸ்ஸில் உண்டு, எவரோ ஒரு மாமியோ அக்காவோ அழைத்து இட்ட சோற்றில் ஊர் நினைவை ஆற்றிக்கொண்டவர்கள் அல்லவா நாம்? நம் முன்னோர் 1923இலேயே நம் குழந்தைகளுக்காகக் கல்விக் கழகம் கண்டார்கள். இன்று அதன் பள்ளிகள் பல நடக்கின்றன. நாம் வீடு கட்டிக்கொண்டோம். அந்தப் பழைய பர்சாத்தியை மறந்துவிட்டோம்.

ஆகவே சில சிறு கடமைகளை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, "ஒரு நாள் வா" என்று கூறுவதை விட்டு, "வரும் ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வா" என்று கூறுவோம். நாள் குறிக்காத அழைப்பை நாணமுள்ள பிள்ளை ஏற்கமாட்டான். இரண்டாவது, பல விடுதிகள் சேர்க்கையின்போது உள்ளூர்ப் பாதுகாவலர் ஒருவரின் கையொப்பத்தைக் கேட்கின்றன. இந்நகரில் உறவினர் இல்லாத பிள்ளை அதற்கு எங்கே போவான்? கையொப்பமிட முன்வருவோரின் பெயர்ப் பட்டியல் ஒன்று நம் சங்கத்தில் இருக்கட்டும். மூன்றாவது, விடுதியில் இடம் கிடைக்காமல் கமலா நகரிலும் விஜய் நகரிலும் வாடகை அறைகளில் தங்குவோரே மிகுதி. அவர்களுக்குக் காப்பாளரும் இல்லை, உணவுக்கூடமும் இல்லை. அவர்களையும் மறவாதிருப்போம். நான்காவது, வந்த பிள்ளையின் குலத்தைச் சுற்றி வளைத்து அறிய முயலும் கேள்விகளை வாசலிலேயே விட்டுவிடுவோம். அக்கேள்வியின் நோக்கம் அவனுக்குத் தெரியும். இரண்டாம் முறை அவன் வரமாட்டான்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். அன்பின் மிகுதியால் அவனை நாள்தோறும் காலனிக்கே வரவழைத்துவிடாதீர்கள். மாலைதோறும் நம் சாம்பாரைத் தேடி ஓடிவரும் பிள்ளை, அறைத்தோழனின் மொழியைக் கற்கமாட்டான். மெஸ் குழுத் தேர்தலில் நிற்கமாட்டான். பஞ்சாபிப் பாட்டையும் மணிப்பூர்க் கதையையும் இழப்பான். அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தான்? உண்ட பின், கதவடைக்கும் நேரத்திற்கு முன்பே அவனை அனுப்பிவையுங்கள். அனுப்பும்போது பொட்டலம் இரண்டாக இருக்கட்டும். ஒன்று அவனுக்கு, மற்றொன்று அறைத்தோழனுக்கு. அடுத்த முறை அத்தோழனையும் அழைத்துவரச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். உதவி கேட்பது இழிவன்று. இந்தி தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே கூறுங்கள். கற்பிக்க ஒருவன் வருவான். உள்ளம் கனத்தால் காப்பாளரிடமோ ஆசிரியரிடமோ எங்களிடமோ கூறுங்கள். அறைக்குள் அடைத்து வைக்காதீர்கள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று வீட்டுக்கு எழுத அஞ்சாதீர்கள். முதலாண்டின் அக்டோபரில் அழாதவர் விடுதியில் அரிது. இரண்டாமாண்டில் அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஆண்டுதோறும் நம் தீபாவளி விடியலுக்கு முதல் நாள் இரவே நாலைந்து பிள்ளைகள் வந்து கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். விடியலில் வரிசையாக உட்கார வைத்து எங்கள் வீட்டார் தலையில் எண்ணெய் வைக்கிறார்கள். சென்ற ஆண்டு அவ்வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை ஒருவனும் இருந்தான். எண்ணெய் கண்ணில் வழிய, "இது என்ன பண்டிகை?" என்று கேட்டான். எங்களுக்கு முன் நம் பிள்ளைகளே முந்திக்கொண்டு இந்தியில் விளக்கினார்கள். அதில் எத்தனை பிழையோ, நாங்கள் எண்ணவில்லை.

இவ்வாண்டுத் தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இச்சபையில் உள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு பாயை மட்டும் கூடுதலாக விரித்தால் போதும். பின் வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை, விழா முடிந்து கலையுமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.