எழுதி வைத்தால்தான் இருக்கும்: லூயிஸ் ஃபராங்க் என்ற பியானோ ஆசிரியை

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிறஷர் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று மத்தியானச் சாப்பாட்டில் பாயாசமும் இருக்கிறது என்று அறிந்தபடியால் அந்தத் தலைப்பை விட்டுவிட்டேன். பதிலாக, 19ஆம் நூற்றாண்டில் பரிஸ் நகரில் வாழ்ந்த ஒரு பியானோக் கலைஞரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் லூயிஸ் ஃபராங்க். முப்பது ஆண்டுகள் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியை என்பதால், இந்த மண்டபத்தில் அவரைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

லூயிஸ் 1804ஆம் ஆண்டு பரிஸில் பிறந்தார். குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சிற்பத் தொழில் செய்த குடும்பம். தகப்பனார் சிற்பி, தமையன் ஒகுஸ்ட் தியூமோனும் சிற்பி. பரிஸில் இருக்கும் எங்கள் சகோதரிகள் பஸ்தீல் சதுக்கத்தால் எத்தனையோ தடவை போய் வந்திருப்பீர்கள். அங்கே உயர்ந்த தூணின் உச்சியில் பொன் முலாம் பூசிய, சிறகு விரித்த ஓர் உருவம் நிற்கிறதல்லவா? அதைச் செய்தவர் அந்தத் தமையன்தான். தமையனின் வேலையை இன்றைக்கும் ஊர் முழுவதும் அண்ணாந்து பார்க்கிறது. தங்கையின் வேலைக்கு என்ன நடந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

லூயிஸ் சிறு வயதிலேயே பியானோவில் கெட்டிக்காரி. மொஷெலஸ், ஹும்மெல் போன்ற அக்காலத்துப் பெரிய கலைஞர்களிடமும் பாடம் கேட்டவர். பதினைந்து வயதில் இசையாக்கம் படிக்க விரும்பினார். பரிஸ் இசைக் கல்லூரியில் அந்த வகுப்பு அப்போது ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே. ஆகவே அங்கு படிப்பித்த அன்ரன் றைக்கா என்ற பேராசிரியரிடமே தனியாகப் படித்தார். பெர்லியோஸ், லிஸ்ற் ஆகியோருக்கும் குருவாக இருந்தவர் அவர். வகுப்பறைக் கதவு பூட்டியிருந்தால் ஆசிரியரின் வீட்டுக் கதவைத் தட்டு என்று பெற்றோர் துணிந்தபடியால் அது நடந்தது.

பதினேழு வயதில் அரிஸ்தித் ஃபராங்க் என்ற புல்லாங்குழல் கலைஞரைத் திருமணம் செய்தார். அரிஸ்தித் பின்னர் இசைநூல் பதிப்பாளரானார். மனைவியின் பியானோ இசையை அவரே அச்சிட்டு வெளியிட்டார். அப்படி அச்சானதால்தான் ஜேர்மனியில் இருந்த ஷூமான் அதைப் பார்த்து, 1836இல் தன் பத்திரிகையில் பாராட்டி எழுதினார். அச்சுக்கு வந்தது கடல் கடக்கும், மலை கடக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

1842இல் பரிஸ் இசைக் கல்லூரி அவரைப் பியானோப் பேராசிரியராக நியமித்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படியொரு பதவி கிடைப்பது மிக அரிது. அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் வகுப்புகள் வேறு வேறு. இவருக்குக் கிடைத்தது பெண்கள் வகுப்பு. அவருடைய மாணவிகள் கல்லூரிப் போட்டிகளில் முதற்பரிசுகளை எடுத்தார்கள். 1844இல் முதற்பரிசு பெற்றவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மகள் விக்தோரின். எல்லாச் சுரத்தானங்களிலும் அமைந்த முப்பது பயிற்சிகளைக் கொண்ட ஒரு நூலையும் எழுதினார். அதைக் கல்லூரி பாடநூலாக ஏற்றுக்கொண்டது. ஆனால் சம்பளம் மட்டும் ஆண் பேராசிரியர்களை விடக் குறைவு.

பாடம் எடுத்துக்கொண்டும் பிள்ளையை வளர்த்துக்கொண்டும் மூன்று சிம்பொனிகள் எழுதினார். 1849இல் மூன்றாவது சிம்பொனியைப் பரிஸின் மிகச் சிறந்த வாத்தியக் குழு வாசித்தது. அதே கச்சேரியில் பீதோவனின் ஐந்தாம் சிம்பொனியும் இருந்தது. பக்கத்து இலையில் யார் இருக்கிறார் என்று பாருங்கள்! மறு ஆண்டு, ஒன்பது வாத்தியங்களுக்கு அவர் எழுதிய 'நொனெட்' அரங்கேறியது. வயலின் வாசித்தவர் பதினெட்டு வயது யோசப் யோவாக்கிம். பிற்காலத்தில் ஐரோப்பாவின் முதன்மை வயலின் வித்துவானாக விளங்கியவர் அவர். சபை கொண்டாடியது.

அந்த வெற்றி கையில் இருக்கும்போதே, 1850இன் இறுதிப்பகுதியில், லூயிஸ் கல்லூரிப் பணிப்பாளர் ஓபேருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண் பேராசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைத் தனக்கும் தரவேண்டும் என்பதே கடிதம். அதில் அவர் சொன்ன நியாயம் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். மற்றவர்களுக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுக்காவிட்டால், நான் என் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும் என்ற கருத்தில் எழுதியிருந்தார்.

தங்கைமாரே, இதைக் கவனியுங்கள். குறைந்த சம்பளம் மடியை மட்டும் சுடுவதில்லை. இவளுடைய வேலை குறைந்தது என்று எல்லோருக்கும் காட்டும் சான்றிதழாகவும் அது மாறிவிடுகிறது. எட்டு வருடம் பொறுத்திருந்த லூயிஸ், மாணவிகளின் பரிசுகளையும் தன் பெயரையும் பின்னால் வைத்துக்கொண்டு, தாழ்மையான மொழியில், ஆனால் எழுத்தில் கேட்டார். ஓபேர் சம்மதித்தார். சமமான சம்பளம் கிடைத்தது.

இதற்குப் பிறகு வருவது துயரம். 1859 சனவரியில், பல ஆண்டுகள் நோயுற்றிருந்த விக்தோரின் முப்பத்திரண்டு வயதில் காலமானார். ஒரே பிள்ளை. தாய் படிப்பித்து மேடையேற்றிய பிள்ளை. வைத்தியசாலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்வதற்கு இத்தனை வருடப் படிப்பில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கிடைக்கவில்லை. லூயிஸ் இசையாக்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். படிப்பிப்பதை நிறுத்தவில்லை.

அந்த வீட்டில் துக்கத்தினூடே ஒரு பெரிய வேலை தொடங்கியது. கணவனும் மனைவியும் பழைய விசைப்பலகை இசையைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, திருத்தி அச்சிடத் தொடங்கினார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளின் இசை. 'பியானோக் கலைஞர்களின் கருவூலம்' என்ற பொருள்படும் பெயருடன் முதல் தொகுதி 1861இல் வந்தது. நான்கு ஆண்டுகளில் அரிஸ்தித்தும் இறந்துபோனார். லூயிஸ் தனியே தொடர்ந்தார். 1874இல் வேலை முடியும்போது 23 தொகுதிகள் ஆகியிருந்தன.

இந்த வேலையின் கஷ்டம் எங்களுக்கு விளங்கும். சங்கீதம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், கமகத்தைத் தாளில் எழுதிவிட முடியாது; ரீச்சர் பாடிக் காட்டத்தான் வேண்டும். பழைய ஐரோப்பிய இசையிலும் சுரங்களின் மேல் சின்னச் சின்ன அலங்காரக் குறிகள் உண்டு. அவற்றை எப்படி வாசிப்பது என்று காட்டித்தர ஆள் இல்லாமல் போயிருந்தது. லூயிஸ் பழைய நூல்களைப் படித்து அந்தக் குறிகளுக்கு விளக்கம் எழுதினார். தன் மாணவிகளைக் கொண்டு அந்த இசையைச் சபையில் வாசிப்பித்தும் காட்டினார். தாளில் கிடந்தது மறுபடி விரல்களுக்கு வந்தது.

1873இல் ஓய்வு பெற்றார். 1875 செப்டெம்பரில் காலமானார். அவருடைய சிறுகுழு இசைக்காகப் பிரெஞ்சு நுண்கலை அக்கடமி இரண்டு தடவை பரிசளித்திருந்தது. இருந்தும் அந்த மூன்று சிம்பொனிகளில் ஒன்றுகூட அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அச்சில்லை என்றால் வாத்தியக் குழுக்களுக்கு வாசிக்கத் தாள் இல்லை. வாசிக்காவிட்டால் கேட்பவர் இல்லை. கேட்காத பெயரை வரலாறு எழுதுபவர் சேர்ப்பதில்லை. மற்றவர்களின் முந்நூறு ஆண்டு இசையைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் சொந்த இசையைக் காப்பாற்ற ஒருவரும் முன்வரவில்லை. முழுமையான பதிப்பு வருவதற்கு 20ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை செல்ல வேண்டியிருந்தது. இன்று லோரன்ஸ் எக்கில்பே என்ற பிரெஞ்சுப் பெண் நடத்துநரின் குழு அந்தச் சிம்பொனிகளை ஒலிப்பதிவு செய்திருக்கிறது. வீட்டுக்குப் போய் மூன்றாவது சிம்பொனியைக் கேட்டுப் பாருங்கள். மறக்கப்பட்டதற்குக் காரணம் இசையில் இல்லை என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே விளங்கும்.

வாட்டில் புதிதாக வரும் டொக்டர்மாருக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்று: நோயாளியின் ரிக்கற்றில் எழுதாதது, செய்யாததற்குச் சமம். இரவு முழுவதும் முழித்திருந்து பார்த்திருப்பீர்கள். எழுதவில்லை என்றால் காலையில் வருபவருக்கு அது நடக்கவே இல்லை.

எங்கள் கல்லூரிக்கு நூறாண்டு ஆகிறது. அதிபர்களின் படங்கள் மண்டபச் சுவரில் இருக்கின்றன. ஆனால் பாலர் வகுப்பில் எங்கள் கையைப் பிடித்து 'அ' எழுதுவித்தவர்கள், பியானோவில் எங்கள் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தவர்கள், இடம்பெயர்ந்த காலத்தில் மர நிழலில் இரசாயனம் படிப்பித்தவர்கள், விடுதியில் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துத் தந்தவர்கள், இவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? பல பெயர்கள் எங்கள் ஞாபகத்தில் மட்டும். ஞாபகம் எவ்வளவு காலத்துக்கு நிலைக்கும் என்பதை ஒரு டொக்டராக நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவில் இருந்தாலும், லண்டனில் இருந்தாலும், சிட்னியில் இருந்தாலும், இங்கேயே ஊரில் இருந்தாலும், ஒவ்வொருவரும் ஒரு ஆசிரியையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். பெயர், படிப்பித்த பாடம், எந்த ஆண்டுகள், அவர் சொல்லி நீங்கள் மறக்காத ஒரு விடயம். படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி அனுப்புங்கள். சங்கம் அதைத் தொகுத்து நூலகத்தில் வைக்கட்டும். இன்னும் நூறு ஆண்டு கழித்து இதே மண்டபத்தில் இருக்கப் போகும் பிள்ளைகளுக்கு, தங்களுக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது வேலைக்குப் போயிருக்கும், போகப் போகும் தங்கைமாருக்கு இன்னொன்று. உங்கள் வேலைக்குரிய மதிப்பைக் கேட்பது அகம்பாவம் ஆகாது. மரியாதையாகக் கேளுங்கள். ஆதாரத்தோடு கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.