தலைவனில்லாத தாளம்

(திருநாவலூரில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் காந்தத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் பேசப் போகிறோம். சுயமரியாதைக் கூட்டத்தில் இதற்கென்ன வேலையென்று கேட்பீர்கள். பாட்டன் எழுதிய ஓலையைக் காட்டிப் பேரனை அடிமையென்று ஒரு கிழவர் வழக்காடிய கதை, சுந்தரர் பிறந்ததாகச் சொல்லப்படும் இவ்வூரில் குழந்தைக்கும் தெரியும். அவர் அதைக் கிழித்தெறிந்தும், மூல ஓலை வேறு இருக்கிறதென்றாராம் கிழவர். அறிவும் பிறப்பில் எழுதப்பட்டது என்பவர்கள் இன்றும் அந்த மூல ஓலையைத்தான் காட்டுகிறார்கள். அதைச் சற்றுப் பரிசோதிப்போம்.

1665-இல் ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் என்பவர், ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் எப்படி ஆட்டிவிட்டாலும் சிறிது நேரத்தில் ஒரே கணக்கில் ஆடுவதைக் கண்டார். தெய்வச் செயலென்று அவர் கற்பூரம் கொளுத்தவில்லை. கடிகாரங்களைத் தூரத் தள்ளி வைத்தார்; ஒழுங்கு கலைந்தது. சட்டத்தின் நுண்ணிய அசைவே காரணமென்று தெரிந்தது.

நிற்க, மின்சாரத்தில் ஓடும் ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு சிறு காந்தம் போன்றது. அவற்றை ஒரு திசைப்படுத்தி மெல்லிய காந்தத் தகட்டினுள் செலுத்தினால், அத்தகட்டின் காந்தம் பம்பரத் தலை போலச் சுற்றியாடும் என்று 1996-இல் ஸ்லோன்செவ்ஸ்கி, பெர்ஜே என்ற இருவர் தனித்தனியே கணக்கிட்டார்கள். அது பின்னர் பரிசோதனையிலும் மெய்யாயிற்று. தலைமயிர்க் கனத்தில் சில நூறில் ஒரு பங்கே உள்ள இந்த ஊசலி, விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை ஆடுகிறது. 2005-இல் இரண்டு ஊசலிகளை ஒரே தாளத்தில் ஆட வைத்தார்கள். 2020-இல் 64 ஊசலிகள் ஒன்றாக ஆடின. நமக்கு அடுத்த திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்து லட்சுமணனும் அவர் தோழர்களும், வெளியிலிருந்து மாறி மாறி வரும் காந்தப் புலத்தைக் கொடுத்து இவற்றின் வரிசையை ஒருமிக்கச் செய்யலாமென்று 2013-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதனால் பயன் என்ன? மூளையிலும் நரம்பணுக்கள் கூட்டாகத் துடிக்கின்றன. அது சுமார் 20 வாட் சக்தியில், ஒரு சிறு விளக்கின் செலவில், வேலை செய்கிறது. அந்த வழியைப் பின்பற்றி, 2018-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் நான்கே ஊசலிகளுக்கு ஆங்கில உயிரொலிகளைக் கற்பித்தார்கள். ஒலியை அலைகளாக்கி அனுப்பினால், எந்த ஊசலி எந்த அலையோடு இணைகிறதோ அதுவே விடை. விடை தவறினால் மின்சாரத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ ஊசலியின் வேகத்தைத் திருத்தினார்கள். அப்படித் திருத்தித் திருத்தியே அது கற்றது.

இந்த யந்திரம் சிந்திக்கிறதென்று நாம் சொல்லவில்லை. ஏழு ஒலிகளைப் பிரித்தறிந்தது, அவ்வளவே. ஆனால் அந்த அளவு அறிவுக்குக்கூட ஆத்மாவும் தேவைப்படவில்லை, தலையெழுத்தும் தேவைப்படவில்லை, கோத்திரமும் தேவைப்படவில்லை. பயிற்சியும் திருத்தமுமே போதுமாயிருந்தன. கற்பித்தால் காந்தத் துண்டும் கற்குமென்றால், மனிதக் குழந்தைக்கு மட்டும் பிறப்பைக் கேட்பது எந்த நியாயம்?

ஆகவே தோழர்களே! கல்வராயன் மலைப் பிள்ளையானாலும், இவ்வூர்ச் சேரிப் பிள்ளையானாலும், ஆண் பெண் என்று பாராமல் விஞ்ஞானம் படிக்க அனுப்புங்கள். சுந்தரர் கிழித்தது நகலைத்தான். அந்த மூல ஓலையைக் கிழிக்க வேண்டியது நம் பிள்ளைகளின் வேலை.