மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மகிழும் நாள். அதுவே கணக்குப் பார்க்கும் நாளும் ஆகும். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பிச்சாவரம், கிள்ளை, சிதம்பரம் வட்டாரத்துச் சேரிகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் பள்ளியிறுதியைத் தாண்டினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்று இம்மேடையில் பெருமையுடன் எடுத்துரைத்தனர். அப்பெருமை நமக்கு உரியதே. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. நடக்க இயலாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, அறிவு வளர்ச்சி மெதுவாக அமைந்த பிள்ளை ஆகியோரில் எத்தனை பேரை நாம் படிக்க வைத்தோம்? அவர்களுள் எத்தனை பேர் இன்று தம் உழைப்பால் உண்கின்றனர்? இதற்கு நம் பதிவேட்டில் விடையில்லை. மாலை வகுப்பிற்கு அவர்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாமும் கேட்கவில்லை. பிறர் நம்மை விலக்கி வைத்த கொடுமையைப் பேசிப் பேசி வளர்ந்த நாமே, நம் தெருவில் சிலரைத் திண்ணையில் விட்டுவிட்டு முன்னே நடந்துவிட்டோம். இக்குறையை ஒப்புக்கொண்டே இன்றைய பொருளுக்குள் நுழைகிறோம்.

இப்பகுதியில் கல்விப் பணியைப் பற்றிப் பேசுவோர் சுவாமி சகஜானந்தரை நினையாமல் பேச முடியாது. 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் கல்விப் பணியைத் தொடங்கிய அவர், பள்ளிக் கதவைத் திறந்து வைத்ததோடு நிற்கவில்லை. பிள்ளை தங்குவதற்கு இடம் வேண்டும், உண்பதற்குச் சோறு வேண்டும் என்று கண்டு அவற்றுக்கும் வழி தேடினார். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, அதுவரை வந்து சேரும் வழியும் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம். அவர் மறைந்த 1959ஆம் ஆண்டிலேயே பம்பாயில் ஊனமுற்றோர்க்கான முதல் சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. அன்று திறந்த அந்தக் கதவு வரை நம் பிள்ளைகள் சென்று சேர்ந்தனரா என்பதே நம் கேள்வி.

கணக்கு சொல்வது என்ன?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர்; தமிழ்நாட்டில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். மொத்த மக்களில் இவர்கள் 2.21 விழுக்காடு. ஆனால் பட்டியல் சாதியினரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அது 2.45 விழுக்காடாக உயர்கிறது. இந்த உயர்வு விதியால் வந்ததன்று. கருவுற்ற தாய்க்குச் சத்துணவு இல்லாமை, காய்ச்சல் கண்ட குழந்தையைக் காலத்தில் மருத்துவரிடம் கொண்டு செல்ல இயலாமை, ஆபத்தான வேலைகள் நம் தலையில் விழுந்தமை ஆகியவற்றோடு சேர்த்தே அந்த எண்ணைப் படித்தல் வேண்டும். மேலும் அக்கணக்கெடுப்பின்படி நாட்டின் மாற்றுத்திறனாளிகளில் ஏதேனும் ஒரு வேலை பார்த்தவர் 36 விழுக்காட்டினரே. பெண்களில் அது 23 விழுக்காடு.

சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. ஊனமுற்றோர்க்கு வேலையுரிமையும் உதவியும் கிடைக்க அரசு ஆவன செய்தல் வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு கூறுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டைச் சில பணியிடங்களுக்குள் சுருக்கிவிடாமல், அப்பணித் தொகுதியின் மொத்தக் காலியிடங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது.

இளைஞர்களே, இங்கு ஒன்றைக் கவனியுங்கள். நமக்குரிய பணியிடங்கள் நிரப்பப்படாதபோதெல்லாம் நம் தந்தையர் கேட்ட விடை, "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்பது. அதே விடைதான் மாற்றுத்திறனாளிகளுக்கும் சொல்லப்படுகிறது. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விடையோடு கோப்பை மூட இடம் தரவில்லை. ஆள் கிடைக்காத இடத்தை அடுத்த ஆண்டிற்குக் கொண்டு செல்ல வேண்டும். அப்போதும் கிடைக்காவிடில் வேறு வகைக் குறைபாடுடையவர்க்கு மாற்றித் தர வேண்டும். அதன் பின்னரே பிறரைக் கொண்டு நிரப்பலாம். பட்டியல் சாதியில் பிறந்த மாற்றுத்திறனாளியோ ஒரே விடையை இரண்டு முறை கேட்டுத் திரும்புகிறார்.

பணம் யாரைத் தொடர்கிறது?

அரசுப் பணி ஒரு சிலர்க்கே கிடைக்கும். ஏனையோர் தொழிற்கூடங்களிலும் கடைகளிலும் சொந்தத் தொழிலிலும் இடம் தேட வேண்டியவர்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்து, முதலாளியிடம் பேசி, ஏற்ற கருவியும் இருக்கையும் அமைத்து, வேலையில் சேர்ந்த பின்னும் சென்று பார்த்து வருவதே வேலைவாய்ப்புச் சேவை. இதை அரசு சில இடங்களில் நேரே செய்கிறது. சென்னை கிண்டியில் இதற்கென மைய அரசின் நிலையம் உண்டு. பல இடங்களில் தொண்டு நிறுவனங்களும் பயிற்சி நிலையங்களும் அரசுப் பணம் பெற்றுச் செய்கின்றன. தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் ஏற்கப்பட்ட செலவில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. ஆகவே பணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. அப்பணம் எதற்காக, எப்பொழுது, யாரிடம் தரப்படுகிறது என்பதே கேள்வி.

நம் தெருவில் நடந்ததைக் கூறுகிறோம். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் மெலிந்த நம் இளைஞர் ஒருவர், தொலைவிலுள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் தையல் கற்றார். சான்றிதழ் பெற்றார், மேடையில் நிழற்படமும் எடுத்தனர். பின்னலாடைத் தொழிற்கூடம் ஒன்றில் சேர்த்தும் விட்டனர். அங்கே தங்குமிடம் மாடியில். கழிப்பறை முற்றத்தின் மறுகோடியில். இயந்திரமோ நல்ல காலால் மட்டும் மிதிக்க இயலாத அமைப்பு. பத்தொன்பதாம் நாள் அவர் வீடு திரும்பினார். ஏன் திரும்பினாய் என்று கேட்க எவரும் வரவில்லை. பல மாதங்களுக்குப் பின் நாம் சென்று விசாரித்தபோது, அந்நிலையத்தின் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே "பணியில் உள்ளார்" என்று எழுதியிருந்தது. அவரோ அன்று உப்பனாற்றங்கரையில் பிறருடைய வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஏட்டில் பொய் எழுதிய கையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பணம் தரும் முறையையும் ஆராய்தல் வேண்டும். 2015இல் திறன் பயிற்சித் திட்டங்களுக்கென மைய அரசு வகுத்த பொது நெறிகளைப் பாருங்கள். பயிற்சி தொடங்கியதும் 30 விழுக்காடு, பயிற்சி முடித்துச் சான்று பெற்றதும் 50 விழுக்காடு, வேலையில் அமர்த்தியதைக் காட்டியதும் எஞ்சிய 20 விழுக்காடு என்று தொகை பிரிக்கப்பட்டது. அதாவது ஒருவர் ஒரு நாள் கூலியும் பெறுவதற்கு முன்பே ஐந்தில் நான்கு பங்கு பணம் நிலையத்திற்குச் சென்றுவிடும். சிறு நிறுவனம் முன்பணம் இன்றி நடவாது என்பது உண்மையே. ஆயினும் பணத்தின் பெரும்பகுதி சான்றிதழோடு முடிந்துவிட்டால், நிலையத்தின் அக்கறையும் சான்றிதழோடு முடிந்துவிடும் அன்றோ?

ஆஸ்திரேலிய நாட்டில் வேறு வழியை முயன்றனர். அங்கு 2010 முதல் 2025 அக்டோபர் வரை நடந்த மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்புச் சேவையில், அரசோடு ஒப்பந்தம் செய்த நிறுவனங்கள் இப்பணியைச் செய்தன. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், வேலையில் சேர்ந்தவர் 4 வாரம், 13 வாரம், 26 வாரம், 52 வாரம் நிலைத்தபோது நிறுவனத்திற்குத் தொகை கிடைத்தது. இதில் நன்மை உண்டு; ஓராண்டு வரை நிறுவனம் அவரை மறக்க இயலாது. தீமையும் உண்டு. எளிதில் வேலை கிடைக்கக்கூடியவரைத் தேடிப் பிடிப்பதும், கடினமானவரை ஒதுக்கி வைப்பதும் நிறுவனத்திற்கு இலாபம். இதைத் தடுக்கவே வேலை பெறுவதிலுள்ள கடினத்திற்கேற்பத் தொகையை ஐந்து படிகளாக உயர்த்தித் தந்தனர். சேவைத் தரங்களுக்கு உட்பட்டோர்க்கே ஒப்பந்தம் என்றும் விதித்தனர். அப்படியும் குறைகள் தீராமையால் 2025 நவம்பரில் அத்திட்டத்தையே மாற்றி அமைத்தனர்.

இவ்விரண்டிலிருந்தும் நாம் கற்பது ஒன்றே. பணம் நிறுவனத்தைத் தொடரக்கூடாது. மனிதரைத் தொடர வேண்டும். அவர் வேலையில் நிலைக்கும் வரை தொடர வேண்டும். அதிகத் துணை வேண்டுவோர்க்கு அதிகமாகத் தொடர வேண்டும்.

தரம் என்பது யாது?

தரம் என்பது சுவரில் மாட்டிய சான்றிதழன்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோய்க் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். அது வேலைவாய்ப்பு நிலையம் அன்று. ஆயினும் இயலாதவரை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சமூகம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் அன்று கண்டது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்கள் பதிவு பெற்றே நடத்தப்பட வேண்டும் என்கிறது. விதி மீறினால் பதிவை நீக்க இடமளிக்கிறது. பதிவு பெற்றவற்றிற்கு அரசு நிதியுதவி தரலாம் என்கிறது. அதே சட்டத்தின் 48ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தொடர்பான திட்டங்களைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. தணிக்கை என்றால் வரவு செலவைச் சரிபார்ப்பது மட்டுமன்று. திட்டம் யார் பெயரால் நடக்கிறதோ, அவர் வாயால் உண்மையைக் கேட்பது.

நம் மக்களைப் பொறுத்தவரை மற்றொரு தரமும் வேண்டும். மாற்றுத்திறனாளி என்று வேலை தருகையில், நம் பிள்ளை எந்தச் சாதி என்று அறிந்து அவர் கையில் துடைப்பத்தை மட்டும் தருவார்களாயின், அது வேலைவாய்ப்பு ஆகாது. பழைய அடிமைத்தனத்திற்குப் புதிய பெயர். கணிப்பொறி கற்ற பெண்ணைக் கழிப்பறைப் பணிக்கு அனுப்பிவிட்டு ஒருவரை அமர்த்தியதாகக் கணக்கு எழுதும் நிலையத்தை நாம் ஏற்கலாகாது.

நல்ல முறைக்கு எடுத்துக்காட்டும் நம் மாநிலத்திலேயே உண்டு. ஊரக நூறு நாள் வேலையில், நான்கு மணி நேர வேலைக்கு முழு நாள் கூலி என்ற முறை மாற்றுத்திறனாளிகளுக்கு இங்கு வகுக்கப்பட்டது. குடிநீர் தருதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளல் போன்ற பணிகளும் அவர்களுக்குத் தரப்பட்டன. வேலைக்கேற்ப மனிதரை வளைக்காமல் மனிதருக்கேற்ப வேலையை அமைத்த முறை இது. திட்டங்கள் எப்பெயரில் மாறி வந்தாலும் இம்முறை மாறாதிருக்க நாம் குரல் கொடுத்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, நம் வட்டாரத்து மாற்றுத்திறனாளிகள் அனைவர்க்கும் ஒரு பதிவேடு தொடங்குவோம். அடையாள அட்டை உண்டா, எதுவரை படித்தார், எவ்வேலையை விரும்புகிறார் என்பவற்றை வீடு வீடாகச் சென்று எழுதுவோம். அவர் விரும்புவதைக் கேட்டு எழுத வேண்டும். அவருக்காக நாம் முடிவு செய்யலாகாது.

இரண்டாவதாக, அட்டைக்கும் மனுவுக்கும் கடலூர் வரை செல்வோர்க்குத் துணையாக ஓர் இளைஞர் உடன் செல்லட்டும். பேருந்து மாறி ஏறிச் சென்று, அலுவலர் இல்லை என்று திரும்பிய ஒரு தாய் மறுமுறை செல்லத் தயங்குவது இயல்பே.

மூன்றாவதாக, எந்தப் பயிற்சி நிலையம் நம் பிள்ளைகளை அழைத்தாலும் ஐந்து கேள்விகள் கேட்போம். பதிவுச் சான்று உண்டா? சென்ற ஆண்டு பயின்றோரில் இன்று வேலையில் இருப்போர் எத்தனை பேர், அவர்களோடு நாம் பேசலாமா? வேலையிடத்தில் வழியும் கழிப்பறையும் ஏற்றவையா? கூலி பிறர்க்குச் சமமா? வேலையில் சேர்ந்த பின் எத்தனை மாதம் வந்து பார்ப்பீர்கள்? விடை தர மறுக்கும் நிலையத்திற்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

நான்காவதாக, வேலையில் சேர்ந்தவரை முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு முடிவு என்று நாமே சென்று காண்போம். நம் பதிவேடும் நிலையத்தின் ஏடும் மாறுபட்டால், அதை எழுத்து வடிவில் மாவட்ட அலுவலகத்தின் முன் வைப்போம். சமூகத் தணிக்கை வரும் என்று காத்திராமல், அதற்குரிய சான்றுகளை நாம் முன்பே சேர்த்து வைத்தல் நன்று.

ஐந்தாவதாக, நாளை நம் கழகமே இத்தகைய சேவைக்கு மானியம் பெறக்கூடும். அன்று இதே ஐந்து கேள்விகளை நம்மிடமும் கேட்க வேண்டும். நம்மவர் நடத்துவதாலேயே அது நல்லதாகிவிடாது. கழகச் செயற்குழுவில் மாற்றுத்திறனாளி உறுப்பினர் ஒருவரேனும் இந்த ஆண்டு முதல் இடம்பெற வேண்டும் என்று இம்மேடையிலேயே வேண்டுகிறோம்.

இறுதியாக ஒரு செய்தி. நாம் கூறிய அந்த இளைஞர் இக்கூட்டத்திற்கு வந்திருக்கிறார். அழைத்தபோது, "கூட்டம் மாடியிலா, தரையிலா?" என்று கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகத்தை நோக்கி அவர் கேட்ட முதல் கேள்வி அது. அதற்காகவே இவ்விழாவை மாடி மண்டபத்திலிருந்து இந்தத் திடலுக்கு மாற்றினோம். இனி நாம் கட்டும் கட்டடங்களும் வகுக்கும் திட்டங்களும் அக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டே தொடங்கட்டும். பொன்விழாவில் கணக்குப் பார்க்கும்போது விடுபட்ட வரி எதுவும் இல்லாதிருக்கட்டும்.