காசநோய்த் தடுப்பில் பருப்புக்கும் இடமுண்டு



காசநோய் இருமலால் பரவுகிறது என்பதை நாம் அறிவோம். ஆனால் அக்கிருமியைச் சுவாசித்த அனைவரும் நோயாளிகளாவதில்லை. உடலில் அடங்கிக் கிடக்கும் கிருமியை நோயாக எழுப்புவதில் நம் நாட்டில் முதலிடம் வகிப்பது ஊட்டச்சத்துக் குறைவு. பச்சையாகச் சொன்னால், பசி.

ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்த ஆய்வை நினைவுகூருங்கள். 2,800 நோயாளிகளும் அவர்களது வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரும் அதில் இடம்பெற்றனர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. 2023இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று: அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய்க்கு ஆளானோர் 39 சதவீதம் குறைவு, கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைவு. புதிய மருந்து எதுவுமில்லை, அரிசியும் பருப்பும்தான்!

அரசு செய்வதென்ன? 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்றார்கள். அந்த ஆண்டும் கடந்துவிட்டது. 2024இல் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒன்றிய அரசு கடிதம் எழுதியது. நோயாளிக்கான உதவித்தொகை மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக உயர்ந்தது. அது போராட்டங்களின்றி வந்ததென்று நான் கருதவில்லை. ஆனால் குடும்பத்தினரின் உணவு, 'நிக்ஷய் மித்ரா' என்ற பெயரில் நன்கொடையாளர்களின் இரக்கத்துக்கு விடப்பட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியத்துக்கு உரிமை தருகிறது, பருப்புக்குத் தரவில்லை. உரிமையை ஈகையாக்குவது என்பது இதுதான்.

கிளைகள் செய்ய வேண்டியவை உண்டு. ஒரு நோயாளி கண்டறியப்பட்டால், அவ்வீட்டில் உள்ளோர் அனைவரும் பரிசோதிக்கப்பட்டார்களா, நோயில்லாதோருக்குத் தடுப்பு மருந்து கிடைத்ததா என்று கேளுங்கள். குழந்தைகளை மட்டுமன்றி, வீட்டிலுள்ள பெரியவர்களையும் உள்ளடக்கியதே இன்றைய அரசுக் கொள்கை. கல்குவாரிகளிலும் கட்டடத் தொழிலாளர் கொட்டகைகளிலும் சளிப் பரிசோதனை முகாம் கோருங்கள். கல்தூசி நுரையீரலை அரித்த பின் காசநோய்க்கு வழி எளிது. கோரிக்கை எழுதும்போது ஆஷா ஊழியர்களின் ஊதியத்தையும் சேர்த்தே எழுதுங்கள். வீடுவீடாகச் செல்பவர்கள் அவர்கள்தாம்.

ஒரு எச்சரிக்கை. நோயாளிகளின் பெயர்களைக் கூட்டங்களில் சொல்லாதீர்கள். வேலையும் வாடகை வீடும் பறிபோகும் என்ற அச்சத்தில் பலர் இருமலை மறைக்கிறார்கள். வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவதால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்பதை சென்னையில் நடந்த ஆய்வு 1959லேயே காட்டிவிட்டது. அதை அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த கிராமசபையில், நோயாளியின் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ரேஷன் கடை வழியே பருப்பு வழங்கக் கோரும் தீர்மானத்தை முன்மொழியுங்கள்.