நெய்யாறும் கிணற்று நீரும்



காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்தில் பூவார் இருக்கிறது. அங்கே ஓர் ஆறு கடலில் கலக்கிறது. அதுதான் நெய்யாறு. அது எங்கே பிறக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் அகத்தியர் மலை இருக்கிறது. அதன் உயரம் 1,868 மீட்டர். அங்கேதான் நெய்யாறு பிறக்கிறது. தாமிரபரணியும் அந்த மலைப் பகுதியில்தான் பிறக்கிறது. தாமிரபரணி கிழக்கே திருநெல்வேலிக்குப் போகிறது. நெய்யாறு மேற்கே வருகிறது. அதன் நீளம் 56 கிலோமீட்டர்தான். மழைநீர் சீக்கிரம் கடலுக்குப் போய்விடும்.

அந்த நீரைத் தேக்க வேண்டாமா? அதற்காக 1950-களில் கள்ளிக்காட்டில் அணை கட்டினார்கள். வாய்க்கால்கள் வெட்டினார்கள். நெய்யாற்றின்கரை வட்டத்து வயல்கள் விளைந்தன. எல்லை தாண்டி விளவங்கோடு வட்டத்துக்கும் தண்ணீர் போயிற்று. 2004-ல் அது நின்றது. அங்குள்ள உழவர்கள் தவித்தார்கள். தண்ணீரின் அருமை அது நின்றால்தான் தெரியும்.

நெய்யாறு வயலுக்கு மட்டும் உதவவில்லை. 1888-ல் ஸ்ரீ நாராயண குரு அருவிப்புறத்தில் இந்த ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அதையே சிவனாக நிறுவினார். கோவிலுக்குள் விடப்படாத மக்களுக்கும் கும்பிட இடம் கிடைத்தது.

அணை மட்டுமா நீரைத் தேக்குகிறது? ஆற்று மணலும் தேக்குகிறது. மழைக்காலத்தில் மணல் நீரைப் பிடித்து வைக்கும். அது மெல்ல மெல்லக் கரையோரக் கிணறுகளுக்கு ஊறும். கோடையிலும் கிணற்றில் நீர் இருக்கும்.

மணலை அள்ளினால் என்ன ஆகும்? ஆறு பள்ளமாகும். கிணற்று நீர் ஆற்றுக்கு வடிந்துவிடும். கிணறு வற்றும். கரை இடியும். கரையில் நிற்கும் தென்னை சாயும். கடலுக்குப் பக்கத்தில் உப்பு நீர் ஆற்றுக்குள் ஏறும். கிணற்று நீர் கரிக்கும். அப்போது குடத்தோடு அலைவது யார்? வீட்டுப் பெண்கள்தான்.

நெய்யாற்றில் பல இடங்களில் மணலை அளவுக்கு மீறி அள்ளினார்கள். கரைகள் இடிந்தன. ஆற்றங்கரைகளைக் காக்கவும், மணல் வாருவதைக் கட்டுப்படுத்தவும் கேரளத்தில் 2001-ல் சட்டம் வந்தது.

சட்டம் மட்டும் போதுமா? இரவில் லாரி வந்தால் முதலில் பார்ப்பவர் யார்? கரையில் குடியிருப்பவர்தான். அவர் தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். ஊரார் பத்துப் பேர் சேர்ந்து பஞ்சாயத்துக்கு மனு கொடுக்கலாம். மனுவில் இடம், நாள், நேரம் எழுத வேண்டும். கீழே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. கற்ற எழுத்து கிணற்று நீரையும் காக்கட்டும்.