புழுவின் ஆயுளும் பழத்தின் விலையும்

(காரைக்குடி வட்டார உழவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



"மாதுளை தின்றால் முதுமை தள்ளிப்போகும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்துவிட்டார்களாமே? கன்று கொண்டுவந்து விற்கிறார்கள். கடலைக் கொல்லையை எடுத்துவிட்டு வைக்கலாமா?" என்று அண்மைக் காலமாக உங்களில் சிலர் கேட்டு வருகிறீர்கள். அப்படி ஓர் ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். ஆனால் ஆயுள் கூடியது யாருக்கு என்பதைக் கன்று விற்பவர் சொல்வதில்லை. ஆயுள் கூடியது ஒரு புழுவுக்கு.

நூற்புழு என்றதும் தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சு உண்டாக்கும் புழுதான் உங்கள் நினைவுக்கு வரும். இது அதற்குத் தூரத்து உறவு. பயிருக்குத் தீங்கு செய்யாது. அழுகிய பழத்திலும் மக்கிலும் இருந்துகொண்டு பாக்டீரியாவைத் தின்று வாழும். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டர். உடல் கண்ணாடி போலத் தெளிவானது. சிட்னி பிரென்னர் என்ற அறிஞர் 1960-களில் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். இதைக் கொண்டு செய்த பணிக்காக 2002-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஒரு மரபணு மாறினால் இதன் ஆயுள் இரு மடங்காகிறது என்று 1993-இல் சிந்தியா கென்யன் குழுவினர் காட்டினர். முதுமை ஆய்வில் இப்புழுவுக்குப் பெருமை வந்தது அதன் பிறகே.

இதன் வாழ்நாள் இரண்டு, மூன்று வாரங்கள்தான். தென்னையில் ஒரு சோதனை வைத்தால் முடிவு காண எத்தனை ஆண்டு ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மனிதனின் முதுமையைச் சோதிப்பதென்றால் ஆய்வாளரே முதியவராகிவிடுவார்! புழுவில் ஒரு மாதத்துக்குள் விடை வந்துவிடும்.

இந்த வேலை நம் ஊரிலேயே நடக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் இப்புழுவை வளர்த்து ஆய்வு செய்கிறார்கள். புற ஊதாக் கதிர் பட்டு இப்புழு முதுமையடைவதைப் பற்றி 2016-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மறதி நோயில் மூளையில் படியும் புரதத்தைப் புழுவில் உண்டாக்கி, அதன் கேட்டை வைடெக்சின் என்ற தாவரப்பொருள் தடுப்பதை 2021-இல் வெளியிட்டார்கள். வைடெக்சின் நம் பாசிப்பயற்றின் தோலிலும் இருக்கிறது. அதற்காகப் பயற்றந்தோலை மருந்தென்று யாரும் விற்கக் கிளம்பிவிட வேண்டாம்!

சோதனை நடக்கும் முறை உங்களுக்கு எளிதில் விளங்கும். தட்டுகளில் அகர் கூழை ஊற்றி, அதன்மேல் தீனியாக ஈ.கோலி பாக்டீரியாவைப் பரப்புகிறார்கள். ஒரே நாளில் பொரித்த புழுக்களை அதில் விடுகிறார்கள். சில தட்டுகளில் பழச்சத்து கலந்திருக்கும். மற்றவற்றில் சத்து இராது. அதைக் கரைக்கப் பயன்பட்ட திரவம் மட்டும் இருக்கும். நாம் உரமிடாத பாத்தி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க விடுகிறோமே, அது போல. பெரும்பாலும் 20 டிகிரி வெப்பத்தில்தான் வைப்பார்கள். காரைக்குடி வெயிலில் வெளியே வைத்தால் சோதனை அன்றே முடிந்துவிடும். நாள்தோறும் மெல்லிய கம்பியால் தொட்டுப் பார்த்து, அசையாததை இறந்ததாகக் கணக்கிடுவார்கள். தட்டின் ஓரம் ஏறிக் காய்ந்துபோன புழுவை இறந்த கணக்கில் சேர்ப்பதில்லை. ஆடு மேய்ந்த பாத்தியின் விளைச்சலை நாம் மகசூல் கணக்கில் சேர்ப்போமா?

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல பழச்சத்துகள் பாக்டீரியாவைக் கொல்லக்கூடியவை. தீனி குறைந்தால் புழு அரை வயிற்றோடு இருக்கும். அரை வயிற்றோடு இருக்கும் புழு, பழச்சத்தே இல்லாவிட்டாலும், கூடுதல் நாள் வாழும். ஆகவே ஆயுளைக் கூட்டியது பழமா, பட்டினியா என்று பிரித்துப் பார்க்காத முடிவை நான் நம்புவதில்லை. இதற்காகவே கவனமுள்ள ஆய்வாளர்கள், இறந்த பாக்டீரியாவைத் தீனியாகக் கொடுத்தும் சோதிக்கிறார்கள்.

மாதுளைக்கு வருவோம். 2016-இல் வெளியான ஆய்வில் யூரோலித்தின்-ஏ என்ற பொருள் புழுவின் ஆயுளைச் சுமார் 45 சதவீதம் கூட்டியது. இப்பொருள் மாதுளையில் நேரே இல்லை. மாதுளையிலுள்ள எலாஜிடானினை நம் குடலிலுள்ள சில பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாவது. அந்தப் பாக்டீரியா எல்லார் குடலிலும் இருப்பதில்லை. புழுவுக்குக் கொடுத்ததும் மாதுளம்பழம் அன்று; பிரித்தெடுத்த பொருள். "மாதுளை தின்றால் ஆயுள் கூடும்" என்ற பேச்சு இத்தனை படிகளைத் தாண்டிக் குதித்து வந்தது.

திராட்சையின் ரெஸ்வெரட்ரால் கதையும் இதற்குத் துணை. அது புழுவின் ஆயுளைக் கூட்டுகிறது என்று 2004-இல் பெரிதாகப் பேசினார்கள். பிறகு அமெரிக்காவில் மூன்று ஆய்வுக்கூடங்கள் ஒரே முறையில் 10 பொருள்களை 22 புழு வகைகளில் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டன. ரெஸ்வெரட்ரால் சில வகைகளில் பலித்தது, சிலவற்றில் பலிக்கவில்லை. சாதாரணத் தீனி தின்ற சுண்டெலிகளில் அது ஆயுளைக் கூட்டவில்லை என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. ஓர் ஊரில் நன்றாக விளைந்த ரகம் அடுத்த ஊரில் பொய்த்துப்போவதை நீங்கள் பார்த்ததில்லையா?

ஆராய்ச்சியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பொருளை மேற்கொண்டு ஆராயலாம் என்று பொறுக்கி எடுக்கப் புழு உதவுகிறது. அது முதல் சல்லடை. அதில் தேறியவற்றில் பல அடுத்த சல்லடையில் தங்குவதில்லை.

ஆகவே கன்று விற்பவரிடம் கேளுங்கள்: எந்த உயிரில் சோதித்தார்கள்? கொடுத்தது பழமா, பிரித்தெடுத்த பொருளா? வேறோர் ஆய்வுக்கூடத்திலும் அதே முடிவு வந்ததா? விளைந்த பழத்தை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்வதாக எழுதித் தருவாரா? கடைசிக் கேள்விக்கு அவர் முகத்தைப் பாருங்கள்.

சந்தையில் மாதுளைக்கு விலை வைப்பது நிறத்தையும் பருமனையும் பார்த்துத்தான். பாக்டீரியா கருகல் நோய் விழுந்தால் அந்த விலையும் கிடைக்காது. கிணற்றில் தண்ணீரும் கையில் முதலும் இருந்து, மாதுளையை மாதுளையாக விற்று லாபம் வரும் என்று கணக்குப் பார்த்துத் தெளிந்தவர்கள் தாராளமாக வையுங்கள். மற்றவர்கள் கடலைக் கொல்லையில் கைவைக்க வேண்டாம். ஆசைக்குக் கிணற்றடியில் இரண்டு கன்று வையுங்கள், பிள்ளைகள் தின்னட்டும்.